கழற்றாத மாலை

கிட்டத்தட்ட மூன்று வருஷம் என் புருஷனை நான் "சாமி" என்றுதான் கூப்பிட்டேன். பக்தி முற்றிப்போய் இல்லை. மாலை போட்ட ஆம்பளையை வீட்டில் இருப்பவர்கள் அப்படித்தான் கூப்பிட வேண்டும். "சாமி, டிபன் எடுத்து வச்சிட்டேன்." "சாமி, கேஸ் தீர்ந்துபோச்சு." "சாமி, பாப்பா ஸ்கூல்ல மீட்டிங்காம், நீங்க போறீங்களா, நான் போகட்டுமா?" காலையில் எழுந்ததிலிருந்து நான் ஃபேக்டரிக்குக் கிளம்பும் வரைக்கும் வாய் வலிக்கச் சாமி சாமிதான்.

மற்ற வீடுகளில் இது வருஷத்துக்கு ஒரு முறை நடப்பது. கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போடுவார்கள், மலைக்குப் போய் வருவார்கள், மாலையைக் கழற்றிவிட்டு மறுநாளே கறிக்கடையில் நிற்பார்கள். எங்கள் வீட்டில் ஒன்றைக் கழற்றினால் அடுத்தது தயாராக இருந்தது. தைப்பூசத்துக்கு முருகன் மாலை. சித்திரை விஷுவுக்கு மறுபடி ஐயப்பன். ஆடிக் கிருத்திகைக்கு விரதம். புரட்டாசி முழுக்கப் பெருமாள். பிறகு கந்த சஷ்டி. அது முடிந்தால் கார்த்திகை வந்துவிடும். கடவுள்கள் எல்லாம் ஒன்றுகூடிப் பேசி என் புருஷனை முறை வைத்துப் பங்கு போட்டுக்கொண்டது போல இருந்தது.

விரதம் என்றால் சட்டதிட்டம் உண்டு. விடியும் முன் பச்சைத் தண்ணீரில் குளியல், தனித் தட்டு, தனிப் பாய், காலில் செருப்பு கூடாது, கறிமீன் கூடாது. இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வார்கள். பெண்டாட்டி பக்கத்தில் போகக் கூடாது என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் தெரியாதவர்கள் யாரும் இல்லை. போதாததற்கு, மாலை போட்டவர் எல்லாப் பெண்களையும் "அம்மா" என்று கூப்பிட வேண்டும் என்று குருசாமி சொல்லிவைத்திருந்தார். என் புருஷன் அதைக் கண்ணும் கருத்துமாகப் பிடித்துக்கொண்டார். "அம்மா, தண்ணி கொடுங்க" என்று என்னைப் பார்த்துக் கேட்கும்போதெல்லாம் அந்தச் சொம்பை அவர் தலையிலேயே கவிழ்க்கலாமா என்று இருக்கும்.

எங்கள் சந்தில் அவருக்கு நல்ல பெயர். "உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தர் கிடைக்க நீங்க கொடுத்து வச்சிருக்கணும்" என்பார் மாடி வீட்டம்மா. ஃபேக்டரியில் என்னோடு செக்கிங் டேபிளில் நின்று சட்டைகளில் தையல் பார்க்கும் கன்னடப் பெண்களிடம் அந்த மரியாதை கிடையாது. நான் சைவச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாலே "மத்தே மாலேனா?" என்று சிரிப்பார்கள். மறுபடியும் மாலையா என்று அர்த்தம். அந்தச் சிரிப்புக்குள் இருந்த இன்னொரு கேள்வியும் எனக்குப் புரியும். நானும் சேர்ந்து சிரித்துவிட்டுச் சாப்பிடுவேன், ஆனால் உள்ளுக்குள் புகையும்.

அவருக்கு வந்த நோயைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. அவர் எலக்ட்ரீஷியன். ஒரு பெரிய அபார்ட்மெண்டில் மெயின்டனன்ஸ் வேலை. எங்கள் பெண்ணுக்கு மூன்று வயது ஆனபோது அவர் சரியாகத் தூங்காமல் ஆனார். வீடுகளில் இருக்கும் இன்டர்காமில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றார். முதலில் நான் வேலை இடத்துப் பொறாமை என்று நினைத்தேன். பிறகு ஒவ்வொரு வீட்டு இன்டர்காமையும் கழற்றிப் பார்க்க ஆரம்பித்து வேலை போயிற்று. ஒருநாள் சமையலறைக்கு வந்து, முழங்கையை நீட்டி, "தோலுக்குள்ள வயர் ஓட்டிட்டானுங்க. பாரு. உனக்கும் தெரியுதா?" என்று கேட்டார். நான் பார்த்தேன். நரம்பும் முடியும்தான் இருந்தது. "ஒண்ணும் இல்லைங்க" என்றேன். அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. நானும் அவர்களோடு சேர்ந்துவிட்டேன் என்று முடிவு கட்டிய பார்வை அது. அந்த வாரமே பிளேடால் கையைக் கிழித்து வயரைத் தேடினார். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி, ஊசி, மாத்திரை எல்லாம்.

மாத்திரை வேலை செய்தது. இதை நான் எங்கேயும் குறைத்துச் சொல்ல மாட்டேன். சில மாதங்களில் இன்டர்காம் வாயை மூடிக்கொண்டது. சந்தாபுரா பக்கம் இன்னொரு அபார்ட்மெண்டில் வேலை கிடைத்தது. பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தார். உடம்பு கொஞ்சம் போட்டது, அவ்வளவுதான். ஒரு சின்ன நர்சிங் ஹோமுக்கு வியாழக்கிழமை மட்டும் வரும் லேடி டாக்டரிடம் மாதாமாதம் காட்டினோம். காட்டினோம் என்ன, மாமியார்தான் கூட்டிப்போவார். எனக்கு லீவு கிடைக்காது. என் மாமியார் கோலார் தங்கவயலில் சுரங்கம் மூடிய பிறகு ஜோகுபாளையத்துக்கு வந்து குடியேறியவர், ஒற்றைப் பிள்ளைக்காரி. அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வந்து பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவார். தூக்கம் வருதா, பசிக்குதா, சத்தம் கேக்குதா என்று டாக்டர் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொல்வார். பிள்ளை பக்கத்தில் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதே சீட்டில் அதே மருந்து எழுதி வாங்கிக்கொண்டு வருவார்கள்.

வீட்டில் மட்டும் ஒன்று சரியாகவில்லை. குணமான புதிதில் அவர் என் பக்கம் வந்தார். வந்தவர் பாதியில் நின்றுபோய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அசதி என்றார். நோயாளி மனுஷன், போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். இரண்டாவது முறையும் அப்படித்தான் ஆனது. அதற்குப் பிறகு வரவில்லை. அந்தக் கார்த்திகையில் முதல் மாலையைப் போட்டார். குணப்படுத்தின சாமிக்கு நன்றிக்கடன் என்று எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. இரண்டாவது மாலைக்கு ஆச்சரியப்பட்டேன். நான்காவது மாலைக்கு அவர் குளிக்கப் போன நேரத்தில் ஃபோனை எடுத்துப் பார்த்தேன். வேறொருத்தி இருந்திருந்தால் சண்டை போடவாவது ஒரு முகம் கிடைத்திருக்கும். ஃபோனில் பஜனை குரூப்பும், ஸ்விட்ச் போர்டு படங்களும்தான் இருந்தன.

எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்: எனக்கு அவர் மேல் ஆசை இருந்தது. நோய்க்கு முன்னால் நாங்கள் நன்றாக இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பெண்ணை மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வந்து பட்டப்பகலில் கதவைச் சாத்திக்கொண்டவர்கள் நாங்கள். இப்போது அதே மனுஷன் கறுப்பு வேட்டியில் எதிரே உட்கார்ந்து என்னை அம்மா என்கிறார். நான் தூரமாகும் நாட்களில் வீட்டில் இருக்கக் கூடாது என்று ஜோகுபாளையத்துக்கு வேறு அனுப்பிவிடுவார். "நானும் சிவப்புப் புடவை கட்டிக்கிட்டு அம்மனுக்கு மாலை போட்டுக்கறேன். ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் போயிடலாம். பாப்பாவை கோயில்லயே விட்டுடலாம்" என்று ஒருநாள் கத்தினேன். "சாமி கோவிச்சுக்கும், அப்படிப் பேசாதீங்கம்மா" என்றார். அந்த "ங்கம்மா" வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டது.

முடிச்சு அவிழ்ந்தது ஆடியில்தான். என் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாமியார் முருகனுக்கு ஒரு வேண்டுதல் வைத்திருந்தார். குணமானால் ஆடிக் கிருத்திகைக்கு அவன் காவடி எடுப்பான் என்று. எல்லாச் சாமிக்கும் மாலை போட்ட இவர் அந்த ஒரு காவடியை மட்டும் வருஷா வருஷம் தள்ளிப்போட்டார். ஒரு வருஷம் கால்வலி என்றார், இன்னொரு வருஷம் லீவு இல்லை என்றார். மூன்றாவது வருஷம் மாமியார் பொறுக்கவில்லை. யாரையும் கேட்காமல் காவடி கட்டுபவரை வீட்டுக்கே வரவழைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஜோகுபாளையத்துக்குப் போனபோது மயில் இறகு செருகிய காவடி வாசலில் சாய்த்து வைத்திருந்தது. அவரோடு சேர்ந்து காவடி எடுக்கும் நாலைந்து பேர் தெருவில் நின்றிருந்தார்கள்.

"சட்டையைக் கழட்டுப்பா. தோளுக்குச் சரியா உக்காருதான்னு பாக்கட்டும்" என்றார் மாமியார்.

காவடியை வெற்றுடம்போடுதான் எடுப்பார்கள். அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். "சட்டையோட பாருங்க" என்றார்.

"சட்டையோட எவன்டா காவடி எடுப்பான்? உங்க ஊர்ல எடுப்பாங்களா?" என்று சிரித்தார் காவடி கட்டுபவர்.

"நான் எடுக்கல" என்று சொல்லிவிட்டு அவர் தெருவில் இறங்கி நடந்தார். செருப்பில்லாத காலோடு விறுவிறுவென்று பஸ் ஸ்டாப் பக்கம் போய்விட்டார். அவ்வளவு பெரிய பக்திமான் சொந்தத் தாயின் வேண்டுதலை நடுத்தெருவில் வேண்டாம் என்றதும் மாமியார் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நோய் திரும்பி வந்துவிட்டது என்று அவர் பயந்தார். எனக்கும் அந்தப் பயம்தான். பெண்ணை அவரிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

ஆட்டோவில் வரும்போது ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஏப்ரல் வெயிலிலும் உள்ளே இரண்டு பனியன் போடுகிறார். குளிக்கும்போது தாழ்ப்பாள் போடுகிறார், முன்பெல்லாம் "முதுகு தேய்ச்சு விடு" என்று கூப்பிடுவார். பம்பையில் எல்லோரும் வெற்றுடம்போடு முங்கினபோது இந்தச் சாமி மட்டும் பனியனோடு முங்கினதாகக் குருசாமி கேலி பண்ணியிருக்கிறார். இத்தனை நாள் சட்டைச் சட்டையாகத் தப்புக் கண்டுபிடிக்கும் எனக்கு வீட்டுச் சட்டைக்குள் என்ன என்று தோன்றவில்லை.

வீட்டுக்குப் போனால் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் சாமி என்று கூப்பிடவில்லை.

"ஏங்க, என்ன ஆச்சு? சட்டையைக் கழட்டறதுல என்ன இருக்குது? என்கிட்ட மறைக்க என்ன இருக்குது? எனக்கு சாமி வேணாம். போதும். எனக்கு என் புருஷன் வேணும்."

கடைசி வார்த்தையில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். சட்டையைக் கழற்றினார். ஒரு பனியன், அதற்கு உள்ளே இறுக்கமாக இன்னொரு பனியன். இரண்டையும் கழற்றிவிட்டு, கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, எனக்கு எதிரே நின்றார். வயசுக்கு வரப்போகும் பெண்ணுக்கு இருப்பது போல மார் இரண்டும் எழும்பி இருந்தன. உள் பனியனில் ஒரு பக்கம் சின்ன ஈரம்.

"உனக்கும் தெரியுதா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். முழங்கையை நீட்டிக் கேட்ட அதே கேள்வி. ஆனால் இந்தத் தடவை அதில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. ஒன்றும் இல்லை என்று நான் சொன்னால் அவருக்கு மறுபடியும் பைத்தியம் என்று அர்த்தம். அந்தப் பதிலுக்குப் பயந்துதான் இத்தனை மாதம் ஒருவரிடமும் காட்டவில்லை. டாக்டரிடம் போய், என் மாரில் பால் வருகிறது என்று எந்த ஆம்பளை சொல்வான்? அதுவும் ஒருமுறை தோலுக்குள் வயர் ஓடுகிறது என்று சொன்ன ஆம்பளை?

"தெரியுது" என்றேன். "நல்லாவே தெரியுதுங்க."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தொட்டுப் பார்த்தேன். வலிக்கிறது என்றார். விரலில் ஒட்டியதை முகர்ந்தேன். ஒரு பிள்ளைக்குக் கொடுத்தவள் எனக்கு அந்த வாசனை தெரியாதா? பால்தான்.

பிறகு அவர் மற்றதையும் சொன்னார். மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே கீழே எல்லாம் செத்துப்போன மாதிரி ஆகிவிட்டதாம். "உன்னைப் பிடிக்காம இல்ல. ஆசைப்பட்டது எல்லாம் ஞாபகம் இருக்குது. ஆசைதான் வரமாட்டேங்குது" என்றார். ஒவ்வொரு முறையும் என் எதிரில் தோற்றுப்போக முடியாமல்தான் முதல் மாலையைப் போட்டிருக்கிறார். போட்ட பிறகு நான் கேட்கவில்லை, யாரும் கேட்கவில்லை, ஊரே கும்பிட்டது. கழற்றினால் மறுபடியும் புருஷனாக வேண்டும். அதனால் கழற்றவே பயம்.

எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. அழுதுகொண்டே சிரித்தேன். ஐயப்பனையும் முருகனையும் பெருமாளையும் மூன்று வருஷமாக மனசுக்குள் திட்டியிருக்கிறேன். பாவம், அவர்கள் ஒன்றுமே செய்யவில்லை.

அதற்குப் பிறகு அவர் கேட்டதுதான் கஷ்டமான கேள்வி. "மாத்திரையை நிறுத்திடட்டுமா? நீ சொன்னா இன்னிக்கே நிறுத்திடறேன்."

சரி என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. எனக்கு அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டும். ஆனால் பிளேடு வைத்துக் கிழித்த தழும்பு அவர் முழங்கையில் என் கண்ணுக்கு எதிரே இருந்தது. ஒரு பக்கம் புத்தி தெளிந்த மனுஷன், என்னைத் தொடாதவர். இன்னொரு பக்கம் தொடத் தெரிந்தவர், ஆனால் என்னையே சந்தேகப்படுவார். இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் அதை அந்த டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும் என்று தோன்றியது. "ஒரு மாத்திரை கூட விடாதீங்க. வியாழக்கிழமை நான் வர்றேன்" என்றேன்.

சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு லீவு வாங்கினேன். நர்சிங் ஹோம் வாசலில் மாமியார் எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தார். டோக்கன் கூப்பிட்டதும் வழக்கம்போலப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார். மூன்று பேரும் உட்கார்ந்தோம். தூக்கம் எப்படி என்று டாக்டர் கேட்டதும் மாமியார் ஆரம்பித்தார்: தூக்கம் நல்லா வருது, சாப்பாடு நல்லா சாப்பிடறான், ஆனா காவடி எடுக்கமாட்டேங்கறான் என்று.

"அத்தை, கொஞ்சம் வெளிய இருங்க" என்றேன்.

"எதுக்கு? எனக்குத் தெரியாம என்ன இருக்குது?"

"இருக்குது அத்தை. இது எங்க ரெண்டு பேர் விஷயம்."

என் மாமியாரிடம் நான் அப்படிப் பேசியதே கிடையாது. அவர் எழுந்து, முந்தானையை உதறிக்கொண்டு, கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்திவிட்டுப் போனார்.

இப்போது சொல்ல வேண்டியது என் முறை. அந்த டாக்டருக்குக் கன்னடமும் இங்கிலீஷும்தான். கன்னடத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஃபேக்டரியில் சண்டை போடுவேன், கடையில் பேரம் பேசுவேன். ஆனால் இந்த விஷயத்துக்கு என்னிடம் கன்னடத்தில் வார்த்தையே இல்லை. தமிழில் இருப்பவை எல்லாம் கெட்ட வார்த்தைகள். புருஷன் பக்கத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கடைசியில், "ஈ மாத்ரே ஷுரு ஆத்மேலே நாவு கண்ட ஹெண்டதி தர இல்லா மேடம். அண்ணா தங்கி தர இதீவி" என்றேன். இந்த மாத்திரை ஆரம்பித்த பிறகு நாங்கள் புருஷன் பெண்டாட்டி மாதிரி இல்லை, அண்ணன் தங்கச்சி மாதிரி இருக்கிறோம் என்று. சொல்லிவிட்டு மூச்சு விடாமல், மாரில் பால் வருவதையும் சொன்னேன்.

டாக்டர் சிரிக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. அவரைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சாதாரணமாக, ஜலதோஷத்தைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார். இது அந்த மாத்திரையின் வேலை. பால் சுரக்க வைக்கும் ஒரு ஹார்மோன் ஆம்பளைகள் உடம்பிலும் கொஞ்சம் இருக்கிறது. மாத்திரை அதை ஏற்றிவிடுகிறது. அது ஏறினால் மார் வீங்கும், ஆசை போகும், உடம்பு ஒத்துழைக்காது. பெண்களுக்கென்றால் தூரம் நின்றுபோகும். எத்தனையோ பேருக்கு வருகிறது, வேறு காரணம் இல்லையென்று பார்க்க ரத்தம் பரிசோதிக்கலாம், அப்புறம் மாத்திரையை மாற்றலாம்.

"இவ்வளவு நாள் ஏன் சொல்லலை?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"நீங்க கேக்கலையே மேடம்" என்றேன். கொஞ்சம் சூடாகத்தான் வந்தது.

அவர் ஒரு நிமிஷம் பேனாவை மூடித் திறந்தார். "அம்மா பக்கத்துல உக்காந்திருந்தாங்க. எப்படிக் கேக்கறது?" என்றார். பிறகு, "ஆனாலும் கேட்டிருக்கணும்" என்றார். அதற்கு மேல் எனக்கு அவர் மேல் கோபம் இல்லை.

அப்போதுதான் என் புருஷன் முதல் முறையாக வாய் திறந்தார். "அப்போ இது நிஜமா இருக்குதா மேடம்? எனக்குத் தோணறது இல்லையா?"

"நிஜம்தான்" என்றார் டாக்டர்.

என் புருஷன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் சாய்ந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் மாமியார் என்னோடு பேசவில்லை. பஸ் வருவதற்குள் நான்தான் மாத்திரையால் உடம்பில் கோளாறு, இன்ன மாதிரி என்று சுருக்கமாகச் சொன்னேன். மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நானும் ஒருத்தரோட குடும்பம் நடத்தினவதான். என்கிட்ட சொல்லியிருந்தா நான் என்ன தெரியாதவளா?" என்றார். பஸ் ஏறும்போது, "மாலை மேல மாலை போடறான்னு ஊரெல்லாம் பெருமை பேசிட்டிருந்தேனே!" என்று நொந்துகொண்டார். அந்த ஆடிக்கு அவருடைய வேண்டுதலுக்காக நான் பால்குடம் எடுத்தேன். முருகனுக்குத் திருப்தியோ என்னவோ, மாமியாருக்கு அரை மனசுதான்.

மாத்திரை மாற்றுவது சட்டை மாற்றுவது போல இல்லை. பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். அந்தச் சமயத்தில் நோய் தலைதூக்கலாம், கவனமாக இருங்கள் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கொண்டோம். அவருக்கு எது சந்தேகமோ அதை என்னிடம் கேட்டுவிட வேண்டும். இருப்பதை இருக்கிறது என்பேன், இல்லாததை இல்லை என்பேன், அவர் மனசு நோகும் என்று மாற்றிச் சொல்ல மாட்டேன். அவர் அதை நம்ப வேண்டும்.

"ஏதோ பாட்டு மாதிரி, தூரத்துல. உனக்கும் கேக்குதா?" என்று ஒரு காலை டீயைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அடுப்பை அணைத்துவிட்டுக் காதைக் கொடுத்தேன். அடுத்த தெருவில் குப்பை வண்டி ஸ்பீக்கர். "கேக்குது, கேக்குது! குப்பை வண்டி!" என்று கத்திக்கொண்டே பக்கெட்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் பின்னாலிருந்து சிரித்த சத்தம் சந்து முனை வரைக்கும் வந்தது.

இன்னொரு நாள் சாயங்காலம், சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு, "யாரோ என் பேரைச் சொல்றாங்க. உனக்கும் கேக்குதா?" என்றார். நான் டிவியை நிறுத்தினேன். ஃபேன் சத்தம்தான். பொய் சொல்லிவிடலாம் என்று ஆசையாக இருந்தது. "கேக்கலைங்க" என்றேன். அவர் முகம் வெளுத்தது. ஆனால் முழங்கை நாளில் பார்த்த அந்தப் பார்வை வரவில்லை. "அப்ப டாக்டர்கிட்ட சொல்லிடலாம்" என்று அவரே சொன்னார். சொன்னோம். புதிய மாத்திரையைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தார். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் ஒரு வாரத்தில் போய்விட்டார்கள்.

பால் நின்றது. மார் முழுசாக வற்றவில்லை, கொஞ்சம் அப்படியே தங்கிவிட்டது. ஒற்றைப் பனியனுக்கு வந்துவிட்டார், முதுகு தேய்க்க மறுபடியும் கூப்பிட்டார். மற்றது வருமா வராதா என்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அவசரப்படுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவசரப்படாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்த அம்மாவுக்கு யார் சொல்வது?

கார்த்திகை பிறந்தது. வழக்கம்போலக் குருசாமி வீட்டு வாசலில் வந்து நின்றார். "என்ன சாமி, இந்த வருஷம் மாலைக்கு உங்களைக் காணோம். உடம்பு சரியில்லையா?"

"உடம்பு நல்லா இருக்குது சாமி. அதான்" என்றார் இவர். குருசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் சமையலறையில் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. ஃபேக்டரியில் கரண்ட் இல்லை என்று பாதியிலேயே எங்களை அனுப்பிவிட்டார்கள். பெண் பள்ளிக்கூடத்தில். அவருக்கு மத்தியான ஷிஃப்ட், வீட்டில்தான் இருந்தார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, வியர்வையோடு கட்டிலில் விழுந்தேன். அவர் ஜன்னலைச் சாத்தினார். பக்கத்தில் வந்து படுத்தார். பிறகு என் கையைப் பிடித்துத் தன் மேல் வைத்துக்கொண்டு, அதே பயத்தோடு, காதோரம் கேட்டார்.

"உனக்கும் தெரியுதா?"

ஒப்பந்தப்படி இருப்பதைத்தான் சொல்ல வேண்டும்.

"தெரியுது சாமி" என்றேன்.

அவரைக் கடைசியாக அப்படிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.